அளவு சாப்பாடா, முழு சாப்பாடா?

படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தப்போ ஒரு மெஸ்ஸில் அளவு சாப்பாடு, முழு சாப்பாடுன்னு இரண்டு விலை எழுதியிருந்தது. முழுசே சொன்னேன். சாம்பாரோட வயிறு நிறைஞ்சிடுச்சு. பக்கத்து இலைக்காரர் வத்தக்குழம்பு, ரசம், மோர் எல்லாத்துக்கும் சோறு வாங்கினார். அவருடைய மூணாவது சுற்றில் என் காசும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஒரே பட்டியலை மொத்தமா சமைப்பதால் காய்கறி கொள்முதல், கூலி, வீணாவது எல்லாம் குறையும். அதனால்தான் விலையும் குறைகிறது. 2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அங்கே அரசு மானியமும் உண்டு என்பது வேறு கதை. ஆனா வேளைக்குச் சில வகைதான். அன்றாடக் கூலிக்காரருக்கு அது பெரிய வசதி: செலவு முன்கூட்டியே தெரியும். சர்க்கரை நோயாளிக்கு அதுவே சிக்கல். சோத்தைக் குறைச்சு பொரியலைக் கூட்டச் சொல்ல முடியாது.

நகரத்து 'காம்போ' ஆஃபர் எனக்குப் பிடிக்காது. பிரியாணி வாங்கப் போனவர் கையில் கூல்டிரிங்க்ஸும் வந்துடும். தள்ளுபடி எவ்வளவுன்னு பார்க்காமல், தனித்தனியா இருந்தா இதில் எதை வாங்கியிருப்பேன்னு கணக்குப் போடுறேன். பாதிக்கணக்கு அங்கேயே அடிபட்டுடும்.

அடுத்த முறை படவேட்டில் அளவு சாப்பாடு சொன்னேன். கூடுதலா ரசம் கேட்டதுக்குக் காசு வாங்கலை.