எரிமலையையும் வெள்ளத்தையும் ஆகாயத்திலிருந்து ஆராய்தல்

எரிமலை, புயல், வெள்ளம் முதலிய இயற்கை உற்பாதங்களை மனிதன் தடுத்து நிறுத்த இயலாது. ஆயினும் அவற்றின் அறிகுறிகளை முன்னதாகக் கண்டு, ஜனங்களைத் தக்க காலத்தில் அப்புறப்படுத்தினால், உயிர்ச்சேதத்தை வெகுவாகக் குறைக்கலாம். இதற்குப் பெருந்துணையாய் நிற்பது தொலையுணர்தல் என்னும் முறை. ஒரு பொருளைத் தொடாமலேயே, அதிலிருந்து வரும் ஒளி, வெப்பம் அல்லது வானொலி அலைகளைக் கொண்டு அதன் தன்மையை அறிவது இம்முறையாகும். பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களில் இதற்குரிய கருவிகள் அமைந்துள்ளன.

மூவகைக் கருவிகள்

முதல் வகைக் கருவி சூரிய வெளிச்சத்தில் படம் பிடிப்பது. சாம்பல் மூடிய வயல்களையும் சரிந்த மலைப்பகுதிகளையும் அது தெளிவாகக் காட்டும். இரவிலும் மேகமூட்டத்திலும் பயன்படாது. இரண்டாவது, வெப்பத்தை அளப்பது. எரிமலையின் வாயில் சூடு ஏறுவதை இரவிலும் காட்டும். எனினும் அடர்ந்த மேகம் அதனையும் மறைத்துவிடும். மூன்றாவது ராடார். இது தானே அலைகளைக் கீழே செலுத்தி, அவை நிலத்திற்பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. இவ்வலைகள் மேகத்தையும் புகையையும் ஊடுருவும். இவற்றிற்குப் பகலும் இரவும் ஒன்றே. ஒரே இடத்தின் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் உயர்ந்திருப்பினும் தாழ்ந்திருப்பினும் புலனாகும். பாறைக்குழம்பு உள்ளே மேலெழும்போது மலை சிறிது வீங்குவதுண்டு. ஆதலின் இவ்வளவு மிக முக்கியமானது.

மேராபி மலை

இந்தோனேஷியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் மேராபி எரிமலை உள்ளது. எரிமலைச் சாம்பலால் உண்டான அதன் மண் மிகவும் செழிப்பானது. ஆகவே ஆபத்தை அறிந்திருந்தும் குடியானவர்கள் அதன் சரிவுகளில் பயிரிட்டும் கறவை மாடுகள் வளர்த்தும் வாழ்கின்றனர். 1930-ஆம் வருஷத்தில் அம்மலை வெடித்தபோது 1,300 பேருக்கு மேல் மாண்டனர்.

2010-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி உச்ச எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மலையுச்சியைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருந்தோர் வெளியேறும்படி உத்தரவாயிற்று. மறுநாளே முதல் வெடிப்பு நிகழ்ந்தது. வெளியேற மறுத்தவர்களுள் மலைக்காவலராய் மதிக்கப்பட்ட மரிஜான் என்னும் முதியவரும் உயிரிழந்தார்.

அதன் பின்னர் உச்சியில் பாறைக்குழம்பு குவடாகத் திரளத் தொடங்கிற்று. மேகமும் புகையும் மூடியிருந்தமையால் கீழிருந்து அதனைக் காண்பது அரிதாயிற்று. ஜெர்மனி, கனடா தேசங்களின் ராடார் செயற்கைக்கோள்கள் அதனைக் காட்டின. குவடு வினாடிக்குச் சுமார் 25 கன மீட்டர், அதாவது மணிக்கு 90,000 கன மீட்டர் வேகத்தில் வளர்வதாகக் கணக்கிடப்பட்டது. இம்மலையில் வழக்கமாகக் காணப்படும் வளர்ச்சியினும் இது பன்மடங்கு அதிகம். நிலநடுக்கப் பதிவுகளும் வாயு அளவுகளும் அவ்வாறே பெரிய வெடிப்பைக் குறித்தன. அபாய எல்லை நவம்பர் 3-ந் தேதி 15 கிலோமீட்டராகவும், பின்னர் 20 கிலோமீட்டராகவும் விரிவாக்கப்பட்டது. 5-ந் தேதி நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் மலை பெரும் வேகத்துடன் வெடித்தது. அனற்சாம்பல் மேகம் கெண்டோல் ஆற்றின் வழியே சுமார் 15 கிலோமீட்டர் தூரம் பாய்ந்தது.

இவ்வுற்பாதத்தில் 350-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் தக்க சமயத்தில் விடுத்த எச்சரிக்கைகளால் 10,000 முதல் 20,000 வரை உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பது விஞ்ஞானிகளின் மதிப்பு.

இங்கு ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வெளியேறிய குடியானவர்களிற் பலர் மாடுகளுக்குத் தீனி வைக்கும் பொருட்டு அபாய எல்லைக்குள் திரும்பிச் சென்றனர். கால்நடைக்கு வழி செய்யாத எச்சரிக்கை அரை எச்சரிக்கையே ஆகும்.

வெள்ளத்திற்கும் இதுவே கருவி

எரிமலை இல்லாத நமது பிரதேசத்திலும் ராடாரின் உபயோகம் பெரிது. பெருவெள்ளம் வரும் நாட்களில் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். அலையற்ற நீர்ப்பரப்பு ராடார் அலைகளை அப்பால் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தோன்றும். 2018 ஆகஸ்டு மாதத்துக் கேரள வெள்ளத்தின்போது, ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் இவ்விதமே மூழ்கிய பகுதிகளின் படங்களைத் தயாரித்தது.

ஆனால் இப்படம் எல்லாவற்றையும் சொல்லாது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலும் வெள்ளம் புகுந்த வயலும் அதில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். உயர்ந்து வளர்ந்த பயிரின் அடியில் தேங்கிய நீர் தெரியாமலும் போகலாம். ஆதலின் நிலத்தில் எழுதும் குறிப்பே படத்திற்குச் சாட்சி.

செய்யவேண்டியவை

நிலச்சுவான்தார்கள் சர்வே எண், பயிர், நட்ட தேதி ஆகியவற்றைப் பருவத்தின் தொடக்கத்திலேயே குறித்து வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தால், நீர் ஏறிய நாள், ஆழம், வடிந்த நாள் ஆகியவற்றை உடனே எழுதி, நீர் வடியுமுன் படமும் எடுத்துக்கொள்ளவேண்டும். கிராம அதிகாரிகள் அடங்கலைப் பயிர் நிலைக்குச் சரியாக எழுதி வருவதுடன், மேட்டுப்பாங்கான இடமொன்றைக் கால்நடைகளுக்கென முன்னரே குறித்து, அங்கு வைக்கோலும் குடிநீரும் கிடைக்க ஏற்பாடு செய்தல் அவசியம். ஆகாயத்திலிருந்து வரும் செய்தி எவ்வளவு விரைந்து வந்தாலும், அதனைக் கேட்டு நடப்பதற்குக் கிராமம் ஆயத்தமாய் இருந்தாலன்றிப் பயன் விளையாது.