ஆண்ட்ராய்டு எமுலேட்டர்

ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என்பது ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைக் கொண்ட ஒரு கைபேசியை மேசைக்கணினி அல்லது மடிக்கணினியின் திரையில் மெய்நிகராக இயக்கிக் காட்டும் மென்பொருள் ஆகும். கூகுள் நிறுவனம் இதனை ஆண்ட்ராய்டு மென்பொருள் உருவாக்கத் தொகுதியின் ஒரு பகுதியாகக் கட்டணமின்றி வழங்குகிறது. செயலிகளை எழுதுவோர், பல்வேறு கைபேசிகளை விலை கொடுத்து வாங்காமலேயே, வெவ்வேறு திரை அளவுகளிலும் ஆண்ட்ராய்டின் வெவ்வேறு பதிப்புகளிலும் தம் செயலியைச் சோதித்துப் பார்க்க இது உதவுகிறது.

== எமுலேட்டரும் சிமுலேட்டரும் ==

இவ்விரு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்பட்டாலும் இரண்டும் வேறானவை. எமுலேட்டர் ஒரு சாதனத்தின் மையச் செயலகம், நினைவகம், திரை முதலிய வன்பொருள்களையே மென்பொருளால் உருவகித்து, அதன்மீது முழு இயங்குதளத்தையும் ஏற்றுகிறது. சிமுலேட்டர் வன்பொருளை உருவகிப்பதில்லை. இயங்குதளத்தின் நடத்தையை மட்டும் ஒத்துச் செயற்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் ஐபோன் செயலிகளுக்காக வழங்குவது சிமுலேட்டர் ஆகும். அதில் இயங்கும் செயலி, அது இயங்கும் மாக் கணினியின் மையச் செயலகத்திற்கு ஏற்றவாறே தொகுக்கப்படுகிறது. அக்கருவி மாக் கணினிகளில் மட்டுமே கிடைக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரை விண்டோசு, லினக்சு, மாக் ஆகிய மூன்றிலும் நிறுவலாம்.

== வரலாறு ==

ஆண்ட்ராய்டுக்கு முன்னரும் கைபேசிகளுக்கான எமுலேட்டர்கள் இருந்தன. 2000களில் ஜாவா எம்.இ. செயலிகளை எழுதியோர் சன் மைக்ரோசிஸ்டம்சு நிறுவனத்தின் வயர்லெசு டூல்கிட்டையும், நோக்கியா தன் கைபேசி வகைகளுக்கு ஏற்ப வெளியிட்ட கருவித் தொகுதிகளையும் பயன்படுத்தினர். முத்து நெடுமாறன் உருவாக்கி 2005 ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட, தமிழில் குறுஞ்செய்தி எழுத உதவும் 'செல்லினம்' அக்காலத்து ஜாவா கைபேசிகளில் இயங்கிய தமிழ்ச் செயலிகளுள் குறிப்பிடத்தக்கது.

கூகுள் 2007 நவம்பர் 12 அன்று ஆண்ட்ராய்டு உருவாக்கத் தொகுதியின் முன்னோட்டப் பதிப்பை வெளியிட்டது. ஆண்ட்ராய்டு கைபேசி எதுவும் அப்போது சந்தையில் இல்லை. எனவே தொடக்ககாலச் செயலிகள் எமுலேட்டரை மட்டுமே நம்பி எழுதப்பட்டன. பபிரீசு பெல்லார்டு என்னும் பிரெஞ்சு நிரலாளர் தொடங்கிய கியூஎமு என்ற கட்டற்ற மென்பொருளே இந்த எமுலேட்டரின் அடிப்படை ஆகும். முதலில் எக்லிப்சு என்ற உருவாக்கச் சூழலுடன் இது பயன்படுத்தப்பட்டது. 2013 மே மாதம் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, 2014 டிசம்பரில் நிலையான பதிப்பாக வெளிவந்து எக்லிப்சின் இடத்தைப் பிடித்தது.

== இயங்கும் முறை ==

பெரும்பாலான கைபேசிகளின் மையச் செயலகம் ஆர்ம் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலான விண்டோசுக் கணினிகளுடையதோ எக்சு86 வகையைச் சேர்ந்தது. ஒன்றன் கட்டளைகளை மற்றொன்று நேரடியாகப் புரிந்துகொள்ளாது. தொடக்ககால எமுலேட்டர், ஆர்ம் கட்டளைகளை இயக்க நேரத்திலேயே எக்சு86 கட்டளைகளாக மொழிபெயர்த்தது. இதனால் மெய்நிகர்க் கைபேசி இயங்கத் தொடங்கவே பல நிமிடங்கள் ஆயின.

பின்னர், எக்சு86 கணினிகளுக்காகவே தொகுக்கப்பட்ட ஆண்ட்ராய்டு படிமங்கள் வெளிவந்தன. மையச் செயலகத்தின் மெய்நிகராக்க வசதியைக் கொண்டு இவற்றை மொழிபெயர்ப்பின்றி நேரடியாக இயக்கலாம். இதற்கு லினக்சில் கே.வி.எம்., மாக்கில் ஹைப்பர்வைசர் பிரேம்வொர்க், விண்டோசில் விண்டோசு ஹைப்பர்வைசர் பிளாட்பார்ம் ஆகியவை பயன்படுகின்றன. இன்டெல் நிறுவனம் வழங்கிவந்த ஹாக்சம் என்ற முடுக்கி 2023 இல் கைவிடப்பட்டது. ஆகவே, ஹாக்சமை நிறுவுமாறு கூறும் பழைய வழிகாட்டிகளை இன்று பின்பற்ற வேண்டியதில்லை.

== நிறுவும் படிகள் ==

# கணினியின் பயாசு அமைப்பில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பல கணினிகளில் இது அணைக்கப்பட்ட நிலையிலேயே விற்கப்படுகிறது. எமுலேட்டர் தொடங்க மறுப்பதற்கு இதுவே பொதுவான காரணம்.
# ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் தரவிறக்கி நிறுவ வேண்டும். தனியாக ஜாவா நிறுவத் தேவையில்லை. அது உடன் வருகிறது.
# எஸ்.டி.கே. மேலாளரில் தேவையான ஆண்ட்ராய்டு பதிப்பு, எமுலேட்டர், பிளாட்பார்ம் கருவிகள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
# சாதன மேலாளரில் புதிய மெய்நிகர்ச் சாதனம் ஒன்றை உருவாக்கி, கணினியின் மையச் செயலகத்திற்கு உரிய படிமத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
# சாதனத்தை இயக்கி, ஏ.டி.பி. கருவியின் சாதனப் பட்டியலில் அது தோன்றுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

எமுலேட்டருக்குள் இருக்கும் செயலி, அதே கணினியில் இயங்கும் வழங்கியுடன் தொடர்புகொள்ள 127.0.0.1 என்ற முகவரியைப் பயன்படுத்தினால் பயன் இராது. அம்முகவரி எமுலேட்டரையே குறிக்கும். கணினியைக் குறிக்க 10.0.2.2 என்ற முகவரி ஒதுக்கப்பட்டுள்ளது.

== நினைவகத் தேவையும் திருவள்ளூர் மடிக்கணினிகளும் ==

தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு எமுலேட்டரின் வேகத்தை விட, தம் கணினியில் அது இயங்குமா என்பதே முதற்கேள்வி. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவால் தொடங்கி வைக்கப்பட்டது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட இக்கணினிகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. பல குடும்பங்களில் இதுவே முதற்கணினி ஆகும். தொடக்கக் கட்டத்தில் வழங்கப்பட்டவற்றின் நினைவகம் 2 ஜி.பி. அளவினது.

அன்றைய எக்லிப்சும் எமுலேட்டரும் அந்த அளவில் மெதுவாகவேனும் இயங்கின. இன்றைய நிலை வேறு. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு மட்டும் குறைந்தது 8 ஜி.பி. நினைவகமும், எமுலேட்டரையும் சேர்த்து இயக்க 16 ஜி.பி. நினைவகமும் தேவை எனக் கூகுள் குறிப்பிடுகிறது. 64 பிட்டு இயங்குதளமும் கட்டாயம். மாநில அரசின் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது.

நினைவகம் குறைந்த கணினி உடையோர் பின்வரும் வழிகளைக் கையாளலாம்:

* எமுலேட்டருக்குப் பதிலாக உண்மையான கைபேசியை இணைத்தல். கைபேசியின் அமைப்புகளில் 'பில்டு எண்' என்பதை ஏழு முறை தட்டினால் உருவாக்குநர் விருப்பங்கள் தோன்றும். அதில் யு.எஸ்.பி. பிழைத்திருத்தத்தை இயக்கிக் கம்பி வழியே இணைத்தால், செயலி நேரடியாகக் கைபேசியில் இயங்கும். கணினிக்கு எமுலேட்டரின் சுமை சிறிதும் இராது.
* ஸ்கிரிசிபிஒய் என்ற கட்டற்ற மென்பொருளால் கைபேசித் திரையைக் கணினியில் காணல். வகுப்பறையில் ஒரு கைபேசியைப் பலருக்குக் காட்ட இது ஏற்றது.
* ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவாமல், கட்டளை வரிக் கருவிகளை மட்டும் நிறுவி, எளிய உரைத்தொகுப்பியில் நிரல் எழுதுதல்.
* எமுலேட்டர் தேவைப்படின், சிறிய திரையும் பழைய ஆண்ட்ராய்டு பதிப்பும் கொண்ட மெய்நிகர்ச் சாதனத்தைத் தெரிவு செய்தல். கூகுள் பிளே இல்லாத படிமத்தைப் பயன்படுத்துதல்.

பழைய கைபேசி ஒன்று கையிலிருந்தால் முதல் வழியே மிகச் சிறந்தது. எமுலேட்டர் இல்லாமையால் செயலி உருவாக்கம் கற்க இயலாது என்பது தவறான கருத்து.

== தமிழில் சோதித்தல் ==

ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லாமையால், தமிழ் எழுத்துகளின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தோன்றின. எழுத்துரு இருந்தும் எழுத்துகளை ஒருங்கமைக்கும் நிரல் சரியாக இல்லாவிடில் 'கொ' போன்ற எழுத்துகள் சிதையும். ஏனெனில் யூனிகோடில் மெய்யை அடுத்தே உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. காட்சியிலோ அக்குறியின் ஒரு பகுதி மெய்க்கு முன்னும் மறுபகுதி பின்னும் வரவேண்டும். அண்மைப் பதிப்புகளில் இக்குறை இல்லை.

எனினும் ஆங்கிலத்தை மட்டும் கொண்டு சோதிக்கப்பட்ட செயலிகள் தமிழில் தவறுவதுண்டு. 'சேவ்' என்னும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அமைத்த பொத்தானில் 'சேமிக்கவும்' அடங்காமல் வெட்டுப்படலாம். எமுலேட்டரின் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவையும் பெரிதாக்கிப் பார்த்தால் இத்தகைய பிழைகள் உடனே புலப்படும். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளுக்கான செயலி எனில் தெலுங்கிலும் சோதிப்பது நன்று.

== இருப்பிடமும் பிணையமும் ==

எமுலேட்டருக்குப் பொய்யான இருப்பிடத்தை அளிக்கலாம். சான்றாக, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் எல்லைக்குள் இருந்தால் மட்டுமே வருகையைப் பதியும் செயலி ஒன்றை எழுதுவோர், சரக்குந்தில் ஏறிச் செல்லாமலேயே அதனைச் சோதிக்கலாம். கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ வடக்கு 13.4 பாகை, கிழக்கு 80.1 பாகையில் அமைந்துள்ளது. எமுலேட்டரின் கட்டளை முனையத்தில் நெட்டாங்கை முதலிலும் அகலாங்கைப் பின்னரும் தருதல் வேண்டும். வழக்கம்போல் அகலாங்கை முதலில் தந்தால், மெய்நிகர்க் கைபேசி நார்வேயின் சுவல்பார்டு தீவுகளை அடுத்த ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

பிணைய வேகத்தைக் குறைத்தும் தாமதத்தைக் கூட்டியும் பார்க்கலாம். தகரக் கூரையிட்ட தொழிற்கூடங்களில் அலைவரிசை வலுக் குறையும். அத்தகைய இடத்தில், இணைப்பு அறுந்தால் பதிவைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் முறை செயலியில் உள்ளதா என்பதை இவ்வாறு அறியலாம். இச்சோதனை செய்யப்படாத வருகைச் செயலியால் தொழிலாளரின் ஒரு நாள் கூலியே விடுபட்டுப் போகக்கூடும்.

== வரம்புகள் ==

எமுலேட்டர் உண்மைக் கைபேசிக்கு முழு மாற்று அன்று. மின்கலத் தேய்மானம், சூடாதல், வெயிலில் திரை தெரியும் தன்மை, கைபேசி நிறுவனங்கள் ஆண்ட்ராய்டில் செய்துள்ள மாற்றங்கள் ஆகியவற்றை இதில் அறிய இயலாது. ஒளிப்படக் கருவி, புளூடூத் போன்றவற்றைச் சார்ந்த செயலிகளையும் வெளியிடுமுன் கைபேசியிலேயே சோதிக்க வேண்டும்.

== இவற்றையும் பார்க்க ==

* ஆண்ட்ராய்டு இயங்குதளம்
* மெய்நிகராக்கம்
* தமிழ் யூனிகோடு
* செல்லினம்