பங்கேற்புச் சிற்பமும் பார்ப்போரின் உடலும்

சிற்பம் என்றவுடன், பீடத்தின்மேல் நிறுத்தப்பட்டு, சற்றுத் தொலைவிலிருந்து கண்களால் மட்டும் நோக்கப்படும் பொருளையே நாம் எண்ணுகிறோம். தொடலாகாது என்னும் அறிவிப்பும் அதனோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிற்பிகள் சிலர் இம்முறையை மாற்றினர். காண்போரின் கையும் காலும் நாவும் சேராவிடில் முற்றுப்பெறாத படைப்புகளை அவர்கள் உருவாக்கினர். இவற்றைப் பங்கேற்புச் சிற்பங்கள் எனலாம். மாம்சமான வார்த்தையைப் பிரசங்கிக்கும் நாம் இம்முயற்சிகளை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் ‘பங்கேற்பு’ என்னும் சொல் நம்முடைய வழிபாட்டு ஆய்வுகளிலும் மிகுதியாக வழங்குகிறது. பங்கேற்பது எப்போதும் நன்மையே என்று நாம் எளிதில் கொள்ளுகிறோம். அது உண்மைதானா என்பதை மூன்று படைப்புகளைக் கொண்டு நோக்குவோம்.

பிரேசில் நாட்டுச் சிற்பி லிஜியா கிளார்க் (1920–1988), 1960ஆம் ஆண்டு முதல் ‘பீஷோஸ்’ என்னும் வரிசையைப் படைத்தார். பிராணிகள் என்பது அப்போர்ச்சுக்கீசியச் சொல்லின் பொருள். உலோகத் தகடுகள் கீல்களால் பிணைக்கப்பட்ட இச்சிற்பங்களுக்கு முன்புறம், பின்புறம் என்ற வரையறை இல்லை. ஒரு தகட்டை மடக்கினால் மற்றொன்று எதிர்பாராத திசையில் எழும்பும். கையாள்பவர் தம் விருப்பத்தை அதன்மேல் திணிக்க இயலாது; கீலின் போக்கிற்கும் இணங்கவேண்டும். ஆனால் இன்றைய கண்காட்சிகளில் பெரும்பாலும் பிரதிகளே பார்வையாளரின் கைகளுக்குத் தரப்படுகின்றன. மூலச் சிற்பங்கள் பழுதுறாதபடி காக்கப்படுகின்றன. தொடுவதற்கென்றே செய்யப்பட்டது தொடக்கூடாததாயிற்று. பாதுகாக்கும் ஆர்வமே ஒரு பொருளின் நோக்கத்தை மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது படைப்பு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் ஹார்பர்க் பகுதியில் 1986இல் எழுப்பப்பட்டது. யோகன் கெர்ட்ஸ், எஸ்தர் ஷாலேவ்-கெர்ட்ஸ் ஆகிய இருவரும் பாசிசத்திற்கு எதிரான நினைவுச்சின்னமாக, ஈயத்தால் மூடப்பட்ட 12 மீட்டர் உயரத் தூண் ஒன்றை நிறுவினர். எஃகு எழுத்தாணியால் அதில் தங்கள் பெயரைப் பொறித்து, விழித்திருப்போம் என உறுதி கூறும்படி பொதுமக்கள் அழைக்கப்பட்டனர். கைக்கு எட்டும் பகுதி நிரம்பியபோதெல்லாம் தூண் நிலத்தினுள் இறக்கப்பட்டது. எட்டு முறை இவ்வாறு இறக்கப்பட்டு, 1993இல் அது முற்றிலும் நிலத்தினுள் மறைந்தது. பெயர்களோடு கிறுக்கல்களும் நாசிச் சின்னங்களும்கூட அதில் இடம்பெற்றிருந்தன. எல்லாருக்கும் ஒரே எழுத்தாணிதான். ஒருவர் வாக்குறுதியை எழுதினார், மற்றொருவர் பகையை எழுதினார். பங்கேற்பு மனிதரை நல்லவராக்கிவிடவில்லை. அவர் யார் என்பதை வெளிப்படுத்திற்று.

மூன்றாவது, கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபீலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் (1957–1996) என்பவரின் 1991ஆம் ஆண்டுப் படைப்பு. வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்களின் குவியலே சிற்பம். அதற்குரிய எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோகிராம். எய்ட்ஸ் நோயால் அவ்வாண்டு மறைந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் என அது பெயர் பெற்றது. நோயுறுமுன் இருந்த அவ்வுடலின் எடையையே இது குறிக்கும் எனப் பலரும் விளக்குவர். காண்போர் ஒன்றை எடுத்து உண்ணலாம். எடுக்க எடுக்க அவ்வுடல் தேய்கிறது. குவியல் மீண்டும் நிரப்பப்படவும் கூடும். எய்ட்ஸ் நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய காலத்தில், அத்தகைய ஓர் உடலின் அடையாளத்தை வாயில் ஏற்கும்படி இப்படைப்பு அழைத்தது. இனிப்பைச் சுவைத்தவர், தேய்வில் தமக்கும் பங்குண்டு என்பதை உணராமல் போகலாம். ஆயினும் பங்கு இல்லாமற் போவதில்லை.

இங்குக் கொரிந்து சபையை நினையாதிருக்க முடியாது. அங்கும் எல்லாரும் உண்டனர். ஆயினும் சிலர் முந்திக்கொண்டு உண்ண, ஏழைகள் பசித்திருந்தனர். அதைக் கர்த்தருடைய பந்தி என்று ஏற்கப் பவுலடியார் மறுத்தார். சரீரத்தை நிதானித்து அறியாத உண்ணலை அவர் கடிந்துகொண்டார். நம் நாட்டிலும் 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருவிருந்து உள்ளிட்ட சபை வாழ்வில் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தபோது, தமிழ்ச் சபைகளில் பலர் அதனை ஏற்காமல் விலகினர். பிறர் உடலுக்கு அருகில் தம் உடல் நிற்கலாகாது என்பதே அவர்களது மறுப்பின் பொருள்.

கலைக்கும் திருவிருந்துக்கும் உள்ள வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது. இச்சிற்பங்களில் காண்போரின் செயலே படைப்பை நிறைவு செய்கிறது. திருவிருந்திலோ கிறிஸ்துவின் செயல் முன்னரே நிறைவேறியது. நாம் அதனோடு எதையும் கூட்டுவதில்லை, வெறுங்கையை நீட்டிப் பெறுகிறோம். எனினும் பெறும் கைக்கும் பொறுப்பு உண்டு.

ஆகவே, பதிலுரை கூறுவோரின் எண்ணிக்கையைக்கொண்டோ பாடலின் ஒலியைக்கொண்டோ வழிபாட்டின் பங்கேற்பை அளவிடுதல் போதாது. படியேற இயலாத முதியவர், படுக்கையிலுள்ள நோயாளி, பின்வரிசையில் தயங்கி நிற்பவர் ஆகியோரின் உடல்களுக்குப் பந்தியில் இடமுண்டா என்பதே ஆயர் கேட்கவேண்டிய வினா.