குழிக்குள் எட்டாத சட்டம்

போபால் விஷவாயுச் சாவுகளுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆலையிலுள்ள ரசாயனத்தின் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு, எட்டு மணி நேரச் சராசரியாக, 10 பங்கைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைத்தது.

மலக்குழியில் நம் ஆட்களைக் கொல்வதும் அதே வாயுதான். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே எச்சரிக்காது. ஆனால் குழி ‘தொழிற்சாலை’ அல்ல.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் ‘அபாயகரமான சுத்தம்’ செய்யவைப்பதைத் தடுத்தது. பாதுகாப்புக் கருவி கொடுத்து, விதிகளின்படி இறக்கினால் அது அபாயகரமானதல்ல என்பதும் அதே சட்டத்தின் வரையறைதான். 2023-இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

ஆலைக்கு வாயு வரம்பு, குழிக்கு இழப்பீடு என்பது சாதியின் கணக்கு. எந்திரம் இறங்கட்டும், மனிதர் இறங்க முழுத் தடை வேண்டும்.