சிபேப் மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல மாஸ்க்கைப் பாருங்க

போன எபிசோடுல ஸ்லீப் ஸ்டடி எப்படி நடக்கும்னு பேசினோம். அதுக்கு அடுத்த கேள்வி இன்னைக்கு: "ரிப்போர்ட் வந்துடுச்சு, டாக்டர் சிபேப் எழுதிக் கொடுத்துட்டார், எந்த மெஷின் வாங்குறது?"

நான் இதைப் போட்டுத் தூங்க ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது. வீடு மந்தைவெளியில. ஆரம்பிக்கும்போது வயசு 33. என்னைப் பார்த்தா யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க. குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் இது வரும்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு. எடை ஒரு முக்கியமான காரணம், மறுக்கல. ஆனா தாடை சின்னதா பின்னாடி தள்ளி இருந்தாலும் தொண்டையில இடம் குறைஞ்சுடும். குறட்டை விட்டா நல்லா தூங்குறான்னு அர்த்தம்னு சொல்ற பாட்டிங்க எல்லா வீட்லயும் இருக்காங்க. என் வீட்ல, என் மூச்சு நிக்கிற நேரத்தை எண்ணிக்கிட்டு என் மனைவி ராத்திரி முழிச்சிட்டு இருந்தா.

ரிப்போர்ட்ல ஏ.எச்.ஐ.ன்னு ஒரு எண் இருக்கும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, இல்ல வெகுவாக் குறையுதுங்கிற கணக்கு. ஒவ்வொரு தடவையும் குறைஞ்சது 10 விநாடி. 5 வரைக்கும் கவலை இல்ல, 15 வரைக்கும் லேசு, 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. எனக்கு 38. அதாவது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கும் மேல. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கும், மூளை திடுக்குன்னு எழுப்பிவிடும், இதயம் வேகமெடுக்கும். காலையில நமக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. ரத்த அழுத்தம் ஏறுறது, இதயத்துடிப்பு தாறுமாறாகுறது, வண்டி ஓட்டும்போது கண் அசர்றது எல்லாம் இதோட வால்கள். 2022 பிப்ரவரியில பப்பி லஹிரி இறந்தபோது டாக்டர்கள் சொன்ன காரணத்துல இந்த நோய் பேரும் இருந்தது. 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டுக்காரர்.

சரி, மெஷின் என்ன பண்ணுது? கோவிட் சமயத்துல எல்லார் வீட்லயும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் பார்த்ததால, இதுவும் ஆக்சிஜன் மெஷின்னு நினைக்கிறாங்க. இல்ல. ரூம்ல இருக்கிற அதே காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தமா மூக்கு வழியா அனுப்புது. அந்த அழுத்தம் தூக்கத்துல தளர்ந்து ஒட்டிக்கிற தொண்டையைத் திறந்தே வைக்குது, அவ்வளவுதான். அழுத்தம் எவ்வளவுன்னு தெரியணும்னா, உயரமான டம்ளர்ல 10 செ.மீ. ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு ஊதிப் பாருங்க. குமிழி வர்றதுக்கு எவ்வளவு ஊதணுமோ அதுதான் 10. மெஷின்ல 4 முதல் 20 வரைக்கும் இருக்கும்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன். 1980-ல சிட்னியில வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வச்சு முதல் நோயாளிக்குக் காற்று கொடுத்தார். அடுத்த வருஷம் லான்செட் இதழ்ல கட்டுரை வந்தது. மோட்டார் சீக்கிரமே சரியாகிடுச்சு. ஆனா மாஸ்க்குக்கு ஆளாளுக்கு மூக்குல அச்சு எடுத்து, தினம் ராத்திரி பசை வச்சு ஒட்ட வேண்டியிருந்தது. இன்னைக்கும் கதை பெரிசா மாறல. அலமாரிக்குள்ள போய் உக்கார்ற மெஷின்கள்ல பாதிக்கு மேல மாஸ்க் தொல்லையாலதான் போயிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

மெஷின் விஷயத்தை சீக்கிரம் முடிச்சுடலாம். ஒரே அழுத்தத்துல ஓடுறது சிபேப். தேவைக்கு ஏத்தபடி தானே கூட்டிக் குறைக்கிறது ஆட்டோ சிபேப். பைபேப் வேற கதை, டாக்டர் சொன்னா மட்டும். பெரும்பாலானவங்களுக்கு ஆட்டோ போதும். ராத்திரி எத்தனை மணி நேரம் போட்டோம், காற்று எவ்வளவு கசிஞ்சது, மிச்ச ஏ.எச்.ஐ. என்னன்னு பதிவு பண்ணுதான்னு பாருங்க. பழைய மெஷின் மலிவா வருதுன்னா மாடலைக் கேளுங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைச்சது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வச்ச ஃபோம் உதிர்ந்து மூச்சுல போகலாம்ங்கிறதுதான் பிரச்சினை. முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் அதுல ஒண்ணு.

இப்ப மாஸ்க். மூணு வகை. மூக்குத் துவாரத்துல மட்டும் உக்கார்ற பில்லோ, மூக்கை மூடுறது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுற ஃபுல் ஃபேஸ். பயத்துல பலரும் ஃபுல் ஃபேஸ்ல ஆரம்பிக்கிறாங்க. ஆனா பரப்பு பெரிசானா கசியுற இடமும் அதிகம். தாடி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் கஷ்டம், பில்லோ நல்லது. மூக்கடைப்பு இருந்தா முதல்ல ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க.

தி.நகர்ல நான் வாங்கின கடையில இருந்தவர் ஒரு நல்ல காரியம் பண்ணார். உக்கார வச்சு மாஸ்க் மாட்டினதும் நான் "சரியா இருக்குங்க"ன்னேன். அவர் விடல. "சார், படுத்துப் பாருங்க. மல்லாந்து, அப்புறம் ஒருக்களிச்சு"ன்னு சொல்லி மெஷினையும் ஓட விட்டார். படுத்ததும் கன்னமும் தாடையும் சரியுது, உக்காந்து பார்த்த அளவு தப்பாகுது. ரெண்டு மாஸ்க் கழிஞ்சு மூணாவதுதான் நின்னது. படுக்க விடாத கடையில வாங்காதீங்க. மெஷினை வாடகைக்குக் கொடுக்கிறவங்களும் சென்னையில இருக்காங்க. ரெண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துட்டு வாங்குறது புத்திசாலித்தனம்.

கசியுதுன்னா ஸ்ட்ராப்பை இறுக்கத் தோணும். இறுக்கினா சிலிக்கோன் மடங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டுல புண்ணும் வரும். தளர்த்தி, திரும்ப வச்சுப் பாருங்க. ராத்திரி முகத்துல எண்ணெயோ க்ரீமோ இருந்தா வழுக்கும், சோப்பு போட்டு முகம் கழுவிட்டு மாட்டுங்க. மாஸ்க்கோட சிலிக்கோனையும் தினம் லேசான சோப்புத் தண்ணியில கழுவணும்.

முதல் வாரம் மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். அது பயம், காற்றுக் குறைவு இல்ல. சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கிட்டு உக்காருங்க, உடம்பு பழகிடும். 'ராம்ப்'னு ஒரு வசதி உண்டு, கம்மி அழுத்தத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏறும். மூச்சை வெளிய விடும்போது அழுத்தத்தைக் குறைக்கிற வசதியும் உண்டு. எனக்கு ரெண்டாவதுதான் உயிர் காத்தது. வாய் வறண்டு எழுந்தா வாய் வழியா காற்று போகுதுன்னு அர்த்தம். வயிறு உப்பினா காற்றை முழுங்குறீங்க, அழுத்தத்தை மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. நீங்களே குறைக்காதீங்க.

அப்புறம் நம்ம ஊர் சமாச்சாரம். ஈரமான ஊர்ல ஹியூமிடிஃபையர் எதுக்குன்னு கேப்பீங்க. ஏசி போட்டதும் ரூம் வறண்டுடும், அதனால தேவைப்படும். ஆனா ஈரத்தை அதிகம் வச்சா, குளிர்ந்த குழாய்க்குள்ள நீராவி தண்ணியாகி நடுராத்திரி மூக்குல சொட்டும். ஈரத்தைக் குறைங்க, குழாயைப் போர்வைக்குள்ள விடுங்க, மெஷினைக் கட்டிலுக்குக் கீழான உயரத்துல வையுங்க. டேங்க்ல டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. அடையாறு பக்கத்து போர் தண்ணியை ஊத்தினா வெள்ளையா உப்புப் படியும். இன்வெர்ட்டருக்கு வாங்குற பேட்டரி தண்ணியும் வேண்டாம், அது மூச்சுக்குப் போற காற்றுக்காகத் தயாரிச்சது இல்ல.

கரண்ட் போனா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கா கரண்ட் இல்ல. வீட்டு இன்வெர்ட்டர்ல மெஷினை இணைச்சு, ஹியூமிடிஃபையரை அணைச்சுடுங்க. கரண்டை அதிகம் இழுக்கிறது அந்தச் சூடுதான். அணைச்சா பேட்டரி பல மடங்கு நேரம் தாங்கும். அதுவும் இல்லன்னா ஒருக்களிச்சுப் படுங்க, தலைமாட்டை உயர்த்துங்க. மது, தூக்க மாத்திரை ரெண்டும் அன்னைக்குக் கண்டிப்பா வேண்டாம்.

ஒரு மாசம் ஆனதும் மெஷின்ல பதிவானதை எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. மிச்ச ஏ.எச்.ஐ. 5-க்குள்ள வந்திருக்கான்னு கேளுங்க. எனக்கு 38 இருந்தது 3 ஆச்சு. மனைவி இப்ப எண்றதில்ல. மெஷின் சத்தம் நின்னாதான் எழுந்துக்கிறா.

அடுத்த எபிசோடுல, மெஷின் வேண்டாம்னு சொல்றவங்களுக்கு இருக்கிற வாயில வைக்கிற தாடைக் கருவியைப் பத்திப் பேசலாம்.