ஆர்கிட்டை வாழவைக்கும் பூஞ்சை

திருமண மேடைகளை அலங்கரிக்கும் ஆர்கிட் மலர்களை ரசிப்போரில் பலர், இயற்கையில் அச்செடியின் வாழ்வு ஒரு பூஞ்சையின் தயவில்தான் தொடங்குகிறது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். சுமார் 28,000 இனங்கள் கொண்ட இத்தாவரக் குடும்பத்தின் மீதான ஆய்வு, மலரில் தொடங்கி இன்று வேரை வந்தடைந்திருக்கிறது.

1862-இல் ஆர்கிட் மகரந்தச் சேர்க்கை குறித்து நூல் எழுதிய சார்லஸ் டார்வின், மடகாஸ்கர் ஆர்கிட் ஒன்றின் தேன்குழல் ஏறத்தாழ ஓரடி நீளம் இருப்பதைக் கண்டார். அதன் அடிவரை எட்டும் உறிஞ்சுகுழலுடைய அந்துப்பூச்சி அங்கே இருந்தாக வேண்டும் என்று கணித்தார். 1903-இல் அத்தகைய பூச்சி அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. மலருக்கும் பூச்சிக்குமான உறவே நெடுங்காலம் ஆய்வாளர்களை ஈர்த்தது.

ஆயினும், அடிப்படையான இன்னோர் உறவை 1899-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் கண்டறிந்தார். ஆர்கிட் விதைகள் தூசி போன்றவை. சில இனங்களில் ஒரே காயில் பல லட்சம் விதைகள் இருக்கும். ஆனால், முளைப்பதற்கான உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. பொருத்தமான பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் விதை செடியாகும்.

1922-இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சையின்றியே விதைகளை முளைக்கச் செய்தார். ஆர்கிட் வணிகம் செழித்தது. பூஞ்சையோ பின்னுக்குப் போனது.

இப்போது அது மீண்டும் முன்னுக்கு வந்துள்ளது. வேரில் குடியிருக்கும் பூஞ்சைகளை டிஎன்ஏ பரிசோதனை அடையாளம் காட்டுகிறது. பச்சை இலையுள்ள ஆர்கிட்டுகளிலும் சில, வளர்ந்த பின்னரும் தமக்கான கரிமத்தில் ஒரு பகுதியைப் பூஞ்சையிடமிருந்தே பெறுவதை ஐசோடோப் ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. 2015-இல் ஓர் ஆர்கிட் இனத்தின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது.

இந்த அறிவு பாதுகாப்புப் பணிக்கு இன்றியமையாதது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டஸின் பட்டியல்களில் உள்ள உயிரினங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஆர்கிட்டுகளே. மேற்குத் தொடர்ச்சி மலையும் அவற்றின் தாயகங்களுள் ஒன்று. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்கிட் தோட்டம் இயங்குகிறது. ஆய்வகத்தில் கன்றுகளைப் பெருக்குவது இன்று கடினமன்று. அவை காட்டில் வேரூன்றி, பூத்து, விதைத்து, அவ்விதைகளும் முளைத்தால்தான் மீட்பு முழுமை பெறும். அதற்குப் பூச்சியும் வேண்டும், பூஞ்சையும் வேண்டும். அவ்விரண்டையும் வைத்திருப்பது காடு மட்டுமே. காட்டை அழித்துவிட்டுச் செடியைத் தொட்டியில் காப்பது, பாதுகாப்பு ஆகாது.