உங்களுக்குத் தெரியுமா? சிறை அடுப்பிலிருந்து வீட்டு வாசலுக்கு

கேரளத்தின் திருச்சூர் விய்யூர் மத்திய சிறைக் கைதிகள் சமைத்த பிரியாணி, 2019 ஜூலையில் ஸ்விக்கி செயலி வழியாக வீடு தேடி வரத் தொடங்கியது. பிரியாணி, வறுத்த கோழிக்கால், மூன்று சப்பாத்தி, ஊறுகாய், தண்ணீர் பாட்டில், வாழையிலை எல்லாம் சேர்த்து அப்போது 127 ரூபாய். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிறைகளில் தயாரான 2 ரூபாய் சப்பாத்தி 'ஃப்ரீடம்' என்ற பெயரில் கேரளத்தில் பிரபலமாகியிருந்தது. கைதியின் கைப்பக்குவத்தைத் தேடி ஊரே வாங்குகிறது என்பதுதான் இதில் பெரிய விஷயம். விடுதலையானவர் முதலில் தேடுவது வேலை. கையில் இப்படி ஒரு தொழில் இருந்தால் பழைய பாதைக்குத் திரும்பவேண்டிய நெருக்கடி குறையும்.

இந்த உழைப்புக்குக் கூலி என்றதும் எழும் "குற்றவாளிக்குச் சம்பளமா? பாதிக்கப்பட்டவருக்கு என்ன?" என்ற கேள்வி நியாயமானது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிகாட்டியது: கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடாக ஒதுக்கச் சட்டம் வேண்டும். மலிவு விலை வெளியே உள்ள சிறு கடைகளை நசுக்கும் என்ற அச்சத்திலும் உண்மை உண்டு. கூலியைக் குறைத்து விலையைக் குறைத்தால் கடைக்காரர், கைதி இருவருக்குமே அநீதி. எனவே கூலியை உயர்த்துவதே இரண்டு புகார்களுக்கும் பதில். அதோடு, சிறையில் கற்ற வேலைக்கு வெளியே செல்லுபடியாகும் சான்றிதழும் வேண்டும்.